பட்டத்தை எழுதும் முன் கையெழுத்தைப் பாருங்கள்

அமைப்புப் பிரிவில் குப்பை கொட்டியவர்களுக்கு இது தெரியும். "புதுப் பணியிடம் வருது, தகுதி எழுதிக் கொண்டாங்க" என்று மேலிருந்து சொன்னதும் நாம் முதலில் செய்வது யோசனை அல்ல; பக்கத்து ஊர் அரசாணையைத் தேடுவது. ஊர்ப் பெயரை மாற்றி, பதவிப் பெயரை மாற்றி, பின்னிணைப்பில் ஒட்டினால் மாலை ஐந்தரைக்குள் குறிப்பு தயார். நானும் அப்படி ஒட்டியவன்தான். ஒருமுறை நான் ஒட்டிய வரியில், நல அலுவலருக்கு "உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டப் பணிகளில் அனுபவம் விரும்பத்தக்கது" என்று இருந்தது. அந்த 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலம் 2011 ஆகஸ்ட் 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அந்த வேலையே வேறு துறைக்குப் போய்விட்டது. செத்துப்போன சட்டத்தில் அனுபவம் கேட்ட பெருமை எனக்கு உண்டு. கோப்பில் ஐந்து கையெழுத்து விழுந்தது. ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

நகராட்சி, மாநகராட்சித் துறைத் தலைவர் பதவிகளுக்குத் தகுதி வரி எழுதுகிறவர்களுக்காகவும், அந்தப் பதவிகளை நோக்கிப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். 2024இல் புதுக்கோட்டை, நாமக்கல், காரைக்குடி, திருவண்ணாமலை நான்கும் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தன. தமிழ்நாட்டில் மாநகராட்சிகளின் எண்ணிக்கை 25 ஆயிற்று. ஊர் தரம் உயரும்போதெல்லாம் பொறியாளர், நல அலுவலர், நகரமைப்பு அலுவலர், கணக்கு அலுவலர் என்று நாற்காலிகளின் பெயரும் எண்ணிக்கையும் மாறுகின்றன. நாற்காலி மாறும்போது தகுதி வரியையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் ஓர் உதவியாளர். அவர் மேசையில் இருப்பது பக்கத்து ஊர் அரசாணை.

ஒரு மாதத் தபால்

பட்டத்தின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். அந்த நாற்காலியில் இப்போது இருப்பவர், அல்லது கூடுதல் பொறுப்பில் பார்ப்பவர், ஒரு மாதத்தில் எந்தெந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தபால் பதிவேடு, தன்பதிவேடு, பில் பதிவேடு மூன்றையும் புரட்டினால் போதும். இரண்டு பிற்பகல் வேலை. சொல்லிப் பாருங்கள், ஆணையரே ஆச்சரியப்படுவார்.

பட்டியல் கைக்கு வந்ததும் ஒவ்வொரு கையெழுத்துக்கும் எதிரே மூன்று கேள்வி. இது தப்பாகப் போனால் அடி யாருக்கு? அந்தத் தப்பைக் கீழே இருப்பவரோ தணிக்கையோ பிடிக்க முடியுமா, அல்லது இவர்தான் கடைசிக் கண்ணா? இதற்கு வேண்டிய அறிவை வேலையில் சேர்ந்து ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ள முடியுமா? அடி பெரியது, கடைசிக் கண் இவர், ஆறு மாதத்தில் வராது என்று மூன்றும் சேர்ந்து வரும் இடம்தான் "அவசியத் தகுதி". ஆறு மாதத்தில் வருவதெல்லாம் துறைத் தேர்வுக்கும் பயிற்சிக்கும் உரியது. அதைக் கல்வித் தகுதியில் திணிப்பது, சமையல்காரர் தேடும்போது நம் வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தவர்தான் வேண்டும் என்று கேட்பது போல.

பொறியாளரை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுப் புத்தகம், நம் வாயில் எம்.புக், அவரிடம் வருகிறது. உதவிப் பொறியாளர் எழுதியிருக்கிறார்: தார்ச்சாலை, நீளம் 120 மீட்டர், அகலம் 3.75, கனம் 0.03. பெருக்கினால் 13.5 கன மீட்டர். நீளத்தையும் அகலத்தையும் டேப் வைத்து யாரும் அளந்துவிடலாம். வார்டு உறுப்பினரே வந்து அளப்பார். கனம்தான் சங்கதி. சாலையில் போட்டது மூன்று சென்டிமீட்டர் அல்ல, இரண்டுதான் என்றால் அளவு 9 கன மீட்டர். ஒரு சென்டிமீட்டரில் பில்லின் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. சாலையில் வட்டமாக வெட்டி எடுத்துப் பார்க்கச் சொல்லவும், வெட்டி எடுத்த துண்டைப் பார்த்ததும் கலவையில் தார் போதவில்லை என்று சந்தேகப்படவும் பயின்ற கண் வேண்டும். இந்தக் கையெழுத்துக்கு சிவில் பொறியியல் பட்டம் கேட்பதில் யாரும் குறை சொல்ல முடியாது.

அதே பொறியாளரின் மாதப் பட்டியலில் வேறு என்ன இருக்கிறது? குடிநீர் மோட்டார் பழுது, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்து மின் கட்டணம், தெருவிளக்குப் பராமரிப்பு ஒப்பந்தம். மோட்டாரும் மின்சாரமும்தான் பட்டியலில் பாதி என்றால் "சிவில் மட்டும்" என்ற வரி எதற்கு? பாதாளச் சாக்கடைப் பணிக்கு ஆள் இறங்கும் அபாயம் உள்ள ஒப்பந்தங்களையும் அவரே பார்க்கிறார். மனிதக் கழிவுகளை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அவர் கழுத்தருகே இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தை எந்தப் பொறியியல் பட்டமும் கேரண்டியாகக் கற்றுத் தருவதில்லை. அது மூன்றாவது கேள்வியில் கழிய வேண்டியது: பதவியேற்கும் முன் கட்டாயப் பயிற்சி.

இப்படிப் பட்டியல் போட்டால் இன்னொன்றும் தெரியவரும். சில நாற்காலிகள் ஒரே நாற்காலி அல்ல. நல அலுவலர் பிறப்பு இறப்புப் பதிவைப் பார்க்கிறார், டெங்கு காலத்தில் கொசு ஒழிப்பைப் பார்க்கிறார், குப்பை வண்டி டீசலையும் பார்க்கிறார். கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் பொதுசுகாதாரம் படித்த மருத்துவர் தேவை. டீசல் பில்லுக்கு எம்.பி.பி.எஸ். எதற்கு? சென்னை மாநகராட்சியில் திடக்கழிவு மேலாண்மை சுகாதாரத்திலிருந்து பிரிந்த தனித் துறை. அதைப் பார்ப்பவர்கள் பொறியாளர்கள். சின்ன ஊரில் தனித் துறை கட்டுப்படியாகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மனிதரிடம் இரண்டு வேலை கொடுத்துவிட்டு, இரண்டு வேலைக்கும் சேர்த்துத் தகுதி எழுதினால் அப்படி ஒருவர் பிறந்தே இருக்க மாட்டார்.

உயர்த்தி எழுதினால் தரம் உயருமா?

உயராது. காலியிடம்தான் உயரும்.

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு நகராட்சியில் நல அலுவலர் பதவிக்கு எம்.பி.பி.எஸ்.ஸோடு பொதுசுகாதாரப் பட்டயமும் அதன் மேல் ஆண்டுக் கணக்கில் அனுபவமும் கேட்டு வரி எழுதியிருந்தார்கள். வரி படிக்க அழகாக இருந்தது. ஆள்தான் வரவில்லை. மூன்று தகுதியும் உள்ள மருத்துவருக்கு அந்த ஊரும் அந்தச் சம்பளமும் பொருந்தவில்லை. விளைவு, ஆண்டுக் கணக்கில் துப்புரவு அலுவலர் ஒருவர் கூடுதல் பொறுப்பில் அந்தக் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனால் காய்ச்சல் பரவிய ஒரு மழைக்காலத்தில் ஆய்வக முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு அரசு மருத்துவமனை டாக்டருக்கு போன் மேல் போன் போட்டார். மூன்று தகுதி கேட்ட நாற்காலியில் மூன்றும் இல்லாதவர் உட்கார்ந்திருந்தார். இதற்கு எம்.பி.பி.எஸ். மட்டும் கேட்டு, "பணியில் சேர்ந்து குறிப்பிட்ட காலத்துக்குள் பொதுசுகாதாரப் பட்டயம் பெற வேண்டும், பெற்றால்தான் தகுதிகாண் பருவம் முடியும்" என்று எழுதியிருக்கலாம். படிக்க விடுப்பும் கட்டணமும் யார் தருவது என்பதையும் அதே வரியின் கீழே எழுதியிருக்கலாம்.

நகரமைப்புப் பக்கம் கதை தலைகீழ். அங்கே தகுதி தாழ்வாக இருப்பதுதான் புகார். 2021 செப்டம்பரில் நிதி ஆயோக் வெளியிட்ட நகரத் திட்டமிடல் அறிக்கை, நாடு முழுக்க மாநிலத் துறைகளில் 12,000க்கு மேல் நகரமைப்பாளர்கள் தேவை, அனுமதிக்கப்பட்ட பணியிடமோ 4,000ஐக்கூட எட்டவில்லை, அதிலும் பல காலி என்று சொன்னது. அதைவிட உறைப்பாக ஒன்று சொன்னது: பல மாநிலங்களில் நகரமைப்பாளர் பதவிக்கு நகரமைப்புப் படிப்பு அவசியத் தகுதியாகவே இல்லை. சமையல் தெரியாதவரைச் சமையல்காரராக எடுத்துவிட்டு ஊரே சாப்பாட்டைக் குறை சொல்கிறது.

நம் ஊரில் இன்னொரு மாற்றம் நடந்திருக்கிறது. 2024 ஜூலையில் சிறு வீடுகளுக்குச் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் வரைபடத்தை ஏற்றிக் கட்டணம் கட்டி அனுமதி எடுத்துக்கொள்ளலாம். அதாவது நகரமைப்பு அலுவலர் மேசையில் குவிந்திருந்த சின்னக் கோப்புகள் குறைகின்றன. மிஞ்சுவது பெரிய மனைப்பிரிவு, அடுக்குமாடி, விதிமீறல் நடவடிக்கை, நீதிமன்றம். கையெழுத்துப் பட்டியல் மாறிவிட்டது. தகுதி வரி மாறியதா? 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் புரட்டி, பக்கவாட்டுத் திறவிடத்தை அளக்கத் தெரிந்தால் மட்டும் போதும் என்ற காலம் போய்விட்டது. திட்டமிடல் படித்தவர் வேண்டும் என்று இப்போது கேட்பதில் தப்பில்லை. கட்டடக்கலையோ சிவிலோ படித்து, மேலே நகரமைப்பில் முதுநிலை முடித்தவரையும் உள்ளே விடுங்கள்.

கணக்குப் பக்கம் இங்கிலாந்தைப் பார்க்கலாம். அங்கே உள்ளாட்சியின் தலைமை நிர்வாகிக்குச் சட்டம் எந்தப் படிப்பையும் விதிக்கவில்லை. தலைமை நிதி அலுவலருக்கு மட்டும் 1988ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 113ஆம் பிரிவு ஒன்றைக் கட்டாயமாக்கியது: அங்கீகரிக்கப்பட்ட கணக்காளர் அமைப்பு ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும். ஒரே ஒரு நாற்காலிக்குத் தகுதியைச் சட்டத்தில் எழுதுவதென்றால் எதற்கு எழுதுவோம் என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் அது. எனக்குச் சரியான பதிலாகப் படுகிறது. நம் நகராட்சிகள் திரள் அடிப்படைக் கணக்கு முறைக்கு மாறி இருபது ஆண்டுக்கு மேலாகிறது. சென்னை மாநகராட்சி 2025இல் 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டுப் பங்குச்சந்தையில் பட்டியலிட்டது. தேய்மானம், பொறுப்புகள், கடன் தரமதிப்பீடு என்று முதலீட்டாளர் கேள்வி கேட்கும் இடத்தில் ரொக்கப் புத்தகம் மட்டும் தெரிந்தவரை உட்கார வைப்பது அவருக்கே செய்யும் அநியாயம்.

ஆணையர்? அவருக்கு எந்தப் பட்டமும் போதும் என்பதே என் கட்சி. நகராட்சி ஆணையர் இரண்டாம் நிலைப் பதவி டி.என்.பி.எஸ்.சி.யின் தொகுதி 2 தேர்வுப் பட்டியலில் வந்திருக்கிறது. பெரிய ஊர்களுக்கு ஐ.ஏ.எஸ். வருகிறார். நிபுணர்களைக் கேள்வி கேட்பதுதான் அவர் வேலை. ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் பட்ஜெட்டும் தெரிந்து, வார்டு உறுப்பினரிடம் முகம் சுளிக்காமல் "முடியாது" சொல்லத் தெரிந்தால் நகராட்சி ஓடும்.

வழக்கு பிறக்கும் சொற்கள்

தகுதி உயர்வா தாழ்வா என்று நீதிமன்றம் போகிறவர்களைவிட, வரியில் உள்ள ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று போகிறவர்கள் அதிகம். தகுதியை நிர்ணயிப்பது வேலை கொடுப்பவர் உரிமை, அதை நாங்கள் திருத்தி எழுத மாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியது என்ன என்பதே புரியவில்லை என்றால் அவர்கள் படித்துச் சொல்லத்தானே வேண்டும்?

"அல்லது அதற்கு இணையான." இதைவிட ஆபத்தான மூன்று சொற்கள் பணி விதிகளில் இல்லை. யார் இணை என்று சொல்வது? பல்கலைக்கழகமா, உயர்கல்வித் துறையின் சமநிலைக் குழுவா, தேர்வாணையமா? எழுதுங்கள். அஞ்சல்வழிப் பொறியியல் பட்டம் கொண்டுவருபவரை என்ன செய்வது? 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், உரிய அனுமதியில்லாமல் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல்வழியில் தந்த பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஏ.எம்.ஐ.இ. முடித்தவரா? 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் பட்டத்துக்குச் சமம் என்ற ஏற்பு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமல் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவரா? பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையைத் தமிழ்நாடு அரசு விடாமல் கேட்கிறது. இந்த மூன்று பேரும் உங்கள் கோப்பிலும் வருவார்கள்.

மேல்படிப்பு இருந்தால் கீழ்ப்படிப்பு அதில் அடக்கமா என்பது அடுத்த தலைவலி. கேரளத்தில் மின்வாரியத் துணைப் பொறியாளர் பதவிக்குப் பட்டயம் கேட்டார்கள், பி.டெக். முடித்தவர்கள் வந்தார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் அவர்களை அனுமதித்தது. காரணம், உயர்ந்த தகுதியை ஏற்கலாம் என்று கேரளப் பணி விதியிலேயே ஒரு வரி இருந்தது. ஜம்மு காஷ்மீரில் டெக்னீஷியன் பதவிக்கு ஐ.டி.ஐ. கேட்டார்கள்; பொறியியல் பட்டயம் முடித்தவர்கள் வந்தார்கள். 2018இல் அதே உச்ச நீதிமன்றம் அவர்களை வெளியே அனுப்பியது. அங்கே அப்படி ஒரு வரி இல்லை. இரண்டு வழக்குக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு வாக்கியம்.

"ஐந்து ஆண்டு அனுபவம்." எங்கே, எந்தப் பதவியில், பட்டம் வாங்கியதற்கு முன்பா பின்பா? ஒப்பந்த ஊழியராக இருந்தது சேருமா? கூடுதல் பொறுப்பில் பார்த்த காலம் சேருமா? என் பணிக்காலத்தில் அதிகம் பேர் அடித்துக்கொண்டது கடைசிக் கேள்விக்குத்தான். எஃப்.ஏ.சி. என்னும் முழுக் கூடுதல் பொறுப்பில் மூன்று ஆண்டு துறைத் தலைவராக இருந்த ஒருவர், அந்த மூன்று ஆண்டும் கணக்கில் வராது என்று கேள்விப்பட்டபோது, அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. வராது என்றால் வராது என்று முன்பே எழுதிவிடுங்கள்.

தேதியும் அப்படியே. நேரடி நியமனத்தில் விதியும் அறிவிக்கையும் எதுவும் சொல்லவில்லை என்றால் விண்ணப்பத்தின் கடைசி நாள்தான் தகுதியைப் பார்க்கும் நாள். மறுநாள் ரிசல்ட் வந்தவர் வெளியே. பதவி உயர்வில் அந்தந்தப் பதவிக்கான குரூஷியல் டேட் பேசும். விளையாட்டு தொடங்கிய பிறகு விதியை மாற்றுவது வேண்டாம். 2024 நவம்பர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை மறுபடியும் உறுதிசெய்தது: நியமன நடவடிக்கை தொடங்கிய பின், விதியோ அறிவிக்கையோ இடம் தராவிட்டால், தகுதி நிபந்தனையை மாற்ற முடியாது.

சரி, விதியையே திருத்திவிட்டால்? பழைய காலியிடத்துக்குப் பழைய விதிதான் என்று 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை வைத்து நம்பிக்கொண்டிருந்தோம். 2022 மே மாதம் இமாச்சலப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கைவிட்டது. காலியிடம் விழுந்த நாளின் விதிப்படியே பதவி உயர்வு வேண்டும் என்று கேட்க உரிமை இல்லை. அதனால் திருத்தம் எழுதும்போது, ஏற்கனவே வரிசையில் நிற்பவர்களுக்கு எந்த விதி என்று ஒரு இடைக்கால வரி சேருங்கள். கருணைக்காக இல்லாவிட்டாலும், உங்கள் அலுவலகத்தின் அமைதிக்காக.

பட்டதாரியா, பட்டயக்காரரா?

இந்தச் சண்டையைத் தொடாமல் பொறியியல் பிரிவுக்குத் தகுதி எழுத முடியாது. மேலே ஏறும் படியில் பட்டம் படித்தவர் மட்டும்தான் என்று கதவைச் சாத்தலாமா? சாத்தலாம் என்றது 1973ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஜம்மு காஷ்மீர் உதவிப் பொறியாளர்கள் வழக்கு அது. செயற்பொறியாளர் பதவி உயர்வைப் பட்டதாரிகளுக்கு மட்டும் வைத்தது சமத்துவ மீறல் அல்ல என்றார்கள். செய்யலாம் என்பது வேறு, செய்ய வேண்டும் என்பது வேறு. பட்டயம் முடித்துப் பதினைந்து ஆண்டு குழாய் உடைப்புக்கு நடுராத்திரி ஓடியவரின் அறிவு நகராட்சிக்குச் சொத்து. கதவைச் சாத்துவதைவிட விகிதமும் ஆண்டுக்கணக்கும் வையுங்கள்: பட்டதாரிக்கு இத்தனை ஆண்டுப் பணி, பட்டயக்காரருக்கு அதைவிடக் கூடுதல் ஆண்டுப் பணி. விகிதத்தை எதன் அடிப்படையில் வைத்தீர்கள் என்று கோப்பில் ஒரு பத்தி எழுதி வையுங்கள். அந்தப் பத்திதான் பின்னால் எதிர்வாத உரையாக மாறும்.

அமெரிக்காவில் 1971இல் ஒரு வழக்கு. வட கரோலினாவில் ஒரு மின் நிறுவனம், நல்ல வேலைகளுக்குப் பள்ளியிறுதிச் சான்று வேண்டும் என்றது. அந்தச் சான்றுக்கும் செய்யும் வேலைக்கும் தொடர்பு காட்ட அதனால் முடியவில்லை. நடைமுறையில் கறுப்பினத் தொழிலாளர்களைத்தான் அந்த நிபந்தனை வெளியே நிறுத்தியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளியது. நம் சட்டம் வேறு, நம் நாடு வேறு. ஆனால் "இந்தப் படிப்பு இந்த வேலைக்கு எதற்கு?" என்ற கேள்வி எந்த நாட்டிலும் ஒன்றுதான். உங்கள் கையெழுத்து நோட்டுதான் அதற்கான விடைத்தாள்.

எழுதக் கூடாதவை

"நம்ம ஊர்க்காரரா பார்த்துப் போடுங்க" என்று மன்றத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் எழுந்து சொல்வார். தீர்மானத்தில் சேர்க்காதீர்கள். பிறந்த இடம், வசிக்கும் இடம் பார்த்து அரசு வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 16(2). வசிப்பிட நிபந்தனை விதிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும், நகர்மன்றம் அல்ல. தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும்; டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தேர்வு இப்போது கட்டாயம்.

"இருசக்கர வாகனம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்" என்று ஒரு வரி பழைய விதிகளில் கண்ணில் படும். களத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் தேவை. வண்டி ஓட்ட முடியாத மாற்றுத்திறனாளி ஒருவர் ஆட்டோவில் போய் ஆய்வு செய்தால் சாலை கோபித்துக்கொள்ளாது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் 4 விழுக்காடு இடத்தை அவர்களுக்கு ஒதுக்கிய பிறகு, வாசலில் இப்படி ஒரு படிக்கட்டைக் கட்டுவது நியாயமில்லை.

கோப்பு போகும் பாதை

மன்றம் தீர்மானம் போடலாம். கடைசி வார்த்தை அரசுடையது. நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998இல் இயற்றப்பட்டாலும், அதன் விதிகளோடு சேர்ந்து நடைமுறையில் இருப்பது 2023 ஏப்ரலிலிருந்துதான். பணி விதித் திருத்தம் இயக்குநரகம், நகராட்சி நிர்வாகத் துறை, நிதி, பணியாளர் சீர்திருத்தம், சட்டம், தேர்வாணையத்தின் வரம்பில் வரும் பதவியானால் அதன் கருத்து என்று ஊர் சுற்றி வரும். ஒவ்வொரு மேசையும் கேட்கும் முதல் கேள்வி "ஏன்?" என்பதே. காரணம் எழுதாத கோப்பு அந்தந்த மேசையிலிருந்தே திரும்பி வரும், மாதங்கள் கரையும்.

உள்ளாட்சியே தகுதியைத் தானாக எழுதும் இடம் ஒன்று உண்டு: திட்டங்களுக்காக ஒப்பந்தத்தில் எடுக்கும் நிபுணர்கள். அங்கேதான் அசிரத்தை அதிகம். விளம்பரமும் இனச்சுழற்சியும் இல்லாமல் எடுத்தவரைப் பின்னால் நிரந்தரமாக்கலாம் என்று நினைக்காதீர்கள். 2006ஆம் ஆண்டு கர்நாடக வழக்கின் அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பு அந்தக் கதவை மூடிவிட்டது.

நாற்காலியை நோக்கிப் போகிறவர்களுக்கு

உதவிப் பொறியாளராகவோ கணக்கராகவோ இருந்துகொண்டு மேலே பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு நான்கு வார்த்தை. உங்கள் பதவிக்கு மேல் உள்ள இரண்டு பதவிகளின் சிறப்பு விதிகளை இன்றே நகலெடுத்து வையுங்கள். யாரோ சொன்னதை நம்பாதீர்கள். துறைத் தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை நடக்கின்றன, மே மாதமும் டிசம்பரும். "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று தள்ளியவர்கள், ஜூனியர் மேலே போன பிறகுதான் புத்தகம் வாங்குகிறார்கள். பணியில் இருந்துகொண்டே படித்தால் முன் அனுமதி வாங்குங்கள். பட்டம் வந்ததும் பணிப்பதிவேட்டில் பதிவு விழுந்ததா என்று கண்ணால் பாருங்கள். வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய பட்டம் பேனல் தயாரிப்பவருக்குத் தெரியாது. தமிழ்வழியில் படித்திருந்தால் பள்ளியிலிருந்தே அதற்கான சான்றுகளை இப்போதே வாங்கிவிடுங்கள்; நேரடி நியமனத்தில் 20 விழுக்காடு உங்களுக்கானது, ஆனால் கடைசி நேரத்தில் பழைய பள்ளித் தலைமையாசிரியரைத் தேடுவது லேசான வேலை அல்ல.

இனி எழுதுகிறவர்களுக்கு, கோப்பு மேலே போகும் முன் செய்யும் கடைசி வேலை. பணிமூப்புப் பட்டியலை எடுத்து மேசையில் விரியுங்கள். நீங்கள் எழுதிய தகுதி வரியின்படி இன்றைய தேதியில் யார் யார் தேறுவார்கள் என்று பென்சிலால் டிக் போடுங்கள். ஒருவரும் தேறவில்லை என்றால் நாற்காலி கூடுதல் பொறுப்பில்தான் ஓடும், வரியைத் திருத்துங்கள். ஏழெட்டு பேர் தேறினால் அனுப்பலாம். ஒரே ஒருவர் மட்டும் தேறினால் கோப்பைக் கட்டி உள்ளே வையுங்கள். அந்த ஒருவர் யார் என்று அலுவலகத்துக்கு ஏற்கனவே தெரியும்.